தடை உத்தரவு வந்த பிறகு துப்பாக்கி எங்கே போகிறது? கலிஃபோர்னியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வன்முறைக்காக ஒருவர் மீது நீதிமன்றம் ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர், அதாவது தடை உத்தரவு, போட்டால் அவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபெடரல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, கலிஃபோர்னியா சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டம் சொன்னதும் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி தானாக வெளியே போய்விடாது. யாராவது போய்க் கேட்டு வாங்க வேண்டும். ரசீது வந்ததா என்று யாராவது பார்க்க வேண்டும். வராவிட்டால் யாராவது கதவைத் தட்ட வேண்டும். அந்த வேலை உங்கள் ஊர் போலீஸ், கவுண்டி ஷெரிஃப், நீதிமன்ற அலுவலகம் ஆகியோரின் கையில் இருக்கிறது. அவர்கள் செய்யும் ஊரில் உத்தரவுக்குப் பலம் உண்டு. செய்யாத ஊரில் அது வெறும் தாள்.

இந்தப் பக்கம் பெரும்பாலும் கலிஃபோர்னியா பற்றியது. மற்ற மாநிலங்களின் செய்தி தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். இது பொதுத் தகவல். உங்கள் வழக்குக்கு ஒரு வழக்கறிஞரையோ நீதிமன்றத்தின் சுய உதவி மையத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது, இந்த நிமிடம் ஆபத்து என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 911-ஐ அழையுங்கள். "தமிழ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைக்கப் பார்ப்பார்கள்.

தடை உத்தரவு இருந்தால் துப்பாக்கி கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

முதலாவது, 1994-இல் வந்த ஃபெடரல் சட்டம். அது எல்லா உத்தரவுக்கும் பொருந்தாது. விசாரணை பற்றி எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் வந்து பேச வாய்ப்புக் கொடுத்த பிறகு போட்ட உத்தரவாக இருக்க வேண்டும். வாழ்க்கைத் துணையையோ குழந்தையையோ தொந்தரவு செய்வது, பின்தொடர்வது, மிரட்டுவது ஆகியவற்றை அது தடுக்க வேண்டும். அதோடு, அவரால் அவர்களின் உடலுக்கு உண்மையான ஆபத்து உண்டு என்று நீதிமன்றம் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அடிதடியை உத்தரவு வெளிப்படையாகத் தடை செய்திருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தால் அவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். அதிகபட்சத் தண்டனை முன்பு 10 ஆண்டுகள். 2022 முதல் 15 ஆண்டுகள்.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் குடும்பச் சட்டம். இது இன்னும் அகலமானது. வைத்திருக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்பதோடு நிற்காமல், கையில் இருப்பதை எப்படி, யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அன்றாடம் உங்களுக்கு உதவப் போவது இதுதான். ஃபெடரல் அரசு வக்கீல்கள் தடை உத்தரவு மீறலை மட்டும் வைத்து வழக்குத் தொடர்வது குறைவு.

தற்காலிக உத்தரவுக்கும் இந்தத் தடை உண்டா?

கலிஃபோர்னியாவில் உண்டு. எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்பே நீதிபதி போடும் தற்காலிக உத்தரவு, அவர் கையில் சேர்ந்த நேரத்திலிருந்து துப்பாக்கித் தடை தொடங்குகிறது. வன்முறை நடந்த இரவிலேயே போலீஸ்காரர் நீதிபதியைத் தொலைபேசியில் அழைத்து வாங்கித் தரும் அவசரப் பாதுகாப்பு உத்தரவுக்கும் இது பொருந்தும். அந்த அவசர உத்தரவு அதிகபட்சம் 7 நாட்கள்தான் நிற்கும். அதற்குள் நீங்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட வேண்டும்.

ஃபெடரல் தடை பொதுவாக விசாரணைக்குப் பிறகுதான் வரும். கலிஃபோர்னியாவில் விசாரணை வழக்கமாக 21 நாட்களுக்குள், காரணம் இருந்தால் 25 நாட்களுக்குள் வைக்கப்படும். ஒரு பெண் விலகிப் போகிறாள் என்று தெரிந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அதனால் தற்காலிக உத்தரவிலேயே துப்பாக்கியை வாங்கும் சட்டம் சரியான சட்டம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எத்தனை மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்? யாரிடம்?

உத்தரவைக் கொண்டுவந்து கொடுக்கும் அதிகாரி கேட்டால், அந்த இடத்திலேயே. எதிர்த்தரப்பிடம் ஆயுதம் இருக்கிறது என்று உத்தரவில் எழுதியிருந்தால், கேட்பது அதிகாரியின் கடமை. விருப்பம் இருந்தால் கேட்கலாம் என்பதல்ல, கேட்டே ஆக வேண்டும்.

அதிகாரி கேட்கவில்லை, அல்லது உத்தரவைக் கொடுத்தது அதிகாரி இல்லை என்றால், கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸிடமோ ஷெரிஃபிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கி டீலரிடம் விற்கவோ, வைக்கக் கொடுக்கவோ செய்யலாம். அதற்கான ரசீதை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உத்தரவை ஒரு போலீஸ் துறை சேர்ப்பித்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இதற்கென்றே டி.வி.-800 என்ற படிவம் இருக்கிறது. வாங்கிக்கொண்ட அதிகாரியோ டீலரோ அதில் கையெழுத்துப் போடுவார். ரசீதை நேரத்துக்குத் தாக்கல் செய்யாததே உத்தரவை மீறியதாகும்.

முழுத் துப்பாக்கி மட்டும் இல்லை. தோட்டா, துப்பாக்கியின் முக்கிய பாகங்கள் எல்லாம் இதில் அடங்கும். வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டும், தொடர் எண் இல்லாத 'கோஸ்ட் கன்'களை மனதில் வைத்து இது பின்னால் சேர்க்கப்பட்டது.

அவர் "என்னிடம் துப்பாக்கியே இல்லை" என்று சொல்லிவிட்டால்?

இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான். இல்லை என்று சொல்பவரிடம் ரசீது கேட்க முடியாது. கேட்க வந்த அதிகாரி வாசலில் நின்று கேட்டுவிட்டு, பதிலை எழுதிக்கொண்டு திரும்பிவிடலாம். பல ஊர்களில் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது.

மாநிலப் பதிவைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு தெரியும். கலிஃபோர்னியாவில் கடையில் வாங்கிய கைத்துப்பாக்கிகளின் பதிவு நீண்ட காலமாக இருக்கிறது. ஆனால் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளின் விற்பனைப் பதிவை 2014-லிருந்துதான் மாநிலம் வைத்துக்கொள்கிறது. அதற்கு முன் வாங்கியது, வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவந்தது, வீட்டில் கட்டியது எதுவும் கணினியில் வராது. விசாரணைக்கு முன் நீதிமன்றம் இந்தப் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படித் தேடியும் ஒன்றும் வராததால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

2022 பிப்ரவரி 28-ஆம் தேதி சேக்ரமென்டோ கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். தடை உத்தரவுக்கு உட்பட்டிருந்த ஒரு தந்தை, மேற்பார்வையோடு குழந்தைகளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டிருந்தார். சந்திப்பு ஒரு தேவாலயத்தில். அங்கே தன் மூன்று மகள்களையும், மேற்பார்வைக்கு வந்தவரையும் சுட்டுக் கொன்று, தானும் இறந்தார். உத்தரவின்படி அவரிடம் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது. அவர் கையில் இருந்தது வீட்டில் கட்டப்பட்ட, பதிவில்லாத துப்பாக்கி.

பதிவு காட்டாததை வீட்டில் கூட இருந்தவர் காட்டலாம். அதனால்தான் மனுதாரர் எழுதித் தரும் தகவலுக்கு இவ்வளவு மதிப்பு.

மனுவில் துப்பாக்கி பற்றி என்ன எழுத வேண்டும்?

தடை உத்தரவு கேட்கும் டி.வி.-100 மனுவில் அவரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். நம்மில் பலர் அதில் "ஆமாம்" என்று மட்டும் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இன்னும் எழுதுங்கள்.

என்ன வகை, எத்தனை, கறுப்பா வெள்ளி நிறமா, கைத்துப்பாக்கியா நீளமானதா. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, "கை நீளத்துக்குக் குறைவு, கறுப்பு, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் நீலப் பெட்டிக்குள்" என்று எழுதினாலே அதிகாரிக்கு அது பெரிய உதவி. கார் டிக்கி, கராஜ், வாடகைக்கு எடுத்த ஸ்டோரேஜ் அறை, நண்பர் வீடு எதையும் விடாதீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். துப்பாக்கி தெரியும் புகைப்படம், அவர் அனுப்பிய மெசேஜ், சுடும் பயிற்சி இடத்தின் பில், ஆன்லைனில் பாகங்கள் வாங்கிய மின்னஞ்சல் இருந்தால் பிரதி எடுத்து இணைக்கலாம். அதற்காக ஆபத்தான நேரத்தில் வீட்டைத் துழாவ வேண்டாம். நினைவில் இருப்பதே போதும்.

அவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியிருந்தால் அதைத் தனியாக, நடந்தது நடந்தபடி எழுதுங்கள். சுடவில்லை என்பதற்காக அதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். மேசை மேல் எடுத்து வைத்துவிட்டுப் பேசினார் என்றாலும் எழுதுங்கள். கொடுமை செய்பவருக்குத் துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு கூடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீதிபதிகளுக்கு இது தெரியும்.

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஷெரிஃப் உத்தரவைச் சேர்ப்பிப்பதற்கும் கட்டணம் இல்லை. ஷெரிஃப் மூலமே சேர்ப்பியுங்கள் என்பது என் பலமான யோசனை. நண்பர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும், ஆனால் நண்பரால் துப்பாக்கியைக் கேட்டு வாங்க முடியாது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரம் ஆகலாம், அதனால் மனுப் போடும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

போலீஸ் வீட்டுக்குள் வந்து தேடலாமா?

உத்தரவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முடியாது. அவர் சம்மதித்தால் தேடலாம். வன்முறை நடந்த இடத்துக்கு வந்த போலீஸ், கண்ணில் படும் துப்பாக்கியையும் சட்டப்படியான தேடலில் கிடைத்ததையும் எடுத்துத் தற்காலிகமாக வைத்திருக்க வேண்டும். அப்புறம் மிக முக்கியமான ஒன்று: உத்தரவு முறையாகக் கையில் சேர்ந்தும் துப்பாக்கியை ஒப்படைக்காதவரின் வீட்டைத் தேட, அந்தக் காரணத்துக்காகவே நீதிபதியிடம் வாரண்ட் வாங்க கலிஃபோர்னியா சட்டம் வழி செய்திருக்கிறது.

வாரண்ட் கேட்க ஒரு அதிகாரி உட்கார்ந்து பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். அதற்குத் துப்பாக்கி எங்கே இருக்கிறது, யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்ற விவரம் வேண்டும். மேலே சொன்னபடி நீங்கள் எழுதித் தந்தவை இங்கேதான் பயன்படுகின்றன.

என் கணவர் துப்பாக்கியைத் தன் தம்பி வீட்டில் வைத்துவிட்டேன் என்கிறார். அது போதுமா?

போதாது. கலிஃபோர்னியாவில் போலீஸ் அல்லது உரிமம் பெற்ற டீலர், இந்த இரண்டு வழிதான். தம்பி, நண்பர், அலுவலக லாக்கர் எதுவும் சட்டப்படி ஒப்படைப்பு ஆகாது. சில மாநிலங்களில் மூன்றாம் நபரிடம் கொடுக்க அனுமதி உண்டு. நம் குடும்ப அமைப்பில் தம்பி வீடு என்பது அடுத்த தெருவில், எப்போது வேண்டுமானாலும் கதவு திறக்கும் வீடு. கலிஃபோர்னியா இதை அடைத்தது நல்லது.

வீட்டில் விட்டுப் போன அவருடைய துப்பாக்கியை நானே போலீஸிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். தொடாமல், உள்ளூர் போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்கு அழைத்து, தடை உத்தரவு இருக்கிறது, அவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். உத்தரவின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள்.

48 மணி நேரம் ஆகிவிட்டது, ரசீது வரவில்லை. நான் என்ன செய்வது?

நீதிமன்ற அலுவலகத்தில் உங்கள் வழக்கு எண்ணைச் சொல்லி ரசீது தாக்கல் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் போலீஸில் உத்தரவு மீறப்பட்டதாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணை நாளில் நீதிபதியிடம் இதை நேராகச் சொல்லுங்கள்: "அவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மனுவில் எழுதியிருக்கிறேன், ரசீது தாக்கல் ஆகவில்லை." இந்த ஒரு வாக்கியம் பல விஷயங்களைத் தொடங்கி வைக்கும். அவர் துப்பாக்கி வைத்திருக்கிறாரா, ஒப்படைத்தாரா என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டும், தேவைப்பட்டால் அதற்கென்றே இன்னொரு நாள் குறிக்கலாம். ஒப்படைக்கவில்லை என்று தெரிந்தால் போலீஸுக்கும் அரசு வக்கீலுக்கும் தகவல் போக வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 320 என்ற சட்டம் இந்தக் கடமைகளைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதற்கு முன் இவை பெரும்பாலும் நீதிமன்ற விதிகளாக இருந்தன, கவுண்டிக்குக் கவுண்டி நடைமுறை வேறுபட்டது.

உள்ளூர் போலீஸ் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் மீது வழக்குப் போடலாமா?

ஃபெடரல் அரசியலமைப்பின் கீழ் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. காரணம் கொலராடோவின் காசில் ராக் ஊரில் 1999-இல் நடந்த கொடுமை. ஒரு தாய் தன் கணவர் மீது தடை உத்தரவு வாங்கியிருந்தார். ஜூன் 22-ஆம் தேதி மாலை அந்தக் கணவர் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாய் இரவு முழுக்கப் போலீஸைத் திரும்பத் திரும்ப அழைத்தார், நள்ளிரவுக்குப் பிறகு நிலையத்துக்கே போனார். காத்திருங்கள், திரும்பி வருவார் என்றே பதில். விடியும் முன் தந்தை போலீஸ் நிலையத்துக்கு வந்து சுட ஆரம்பித்தார், போலீஸ் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டியில் மூன்று குழந்தைகளின் உடல்களும் இருந்தன. அந்தக் கைத்துப்பாக்கியை, உத்தரவு அமலில் இருக்கும்போதே, அன்று மாலைதான் வாங்கியிருந்தார்.

தாய் ஊர் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தடை உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்கும் உரிமை அரசியலமைப்பின் கீழ் அவருக்கு இல்லை என்றது. உத்தரவில் "கைது செய்ய வேண்டும்" என்று அச்சிட்டிருந்ததும் எடுபடவில்லை. 2011-இல் அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை ஆணையம் அமெரிக்கா அந்தத் தாயின் உரிமைகளை மீறியது என்று கண்டது. அதற்குத் தார்மீக பலம் உண்டு, தீர்ப்பு மாறவில்லை.

அதனால் நடைமுறையில் உங்களுக்கு இருப்பது அழுத்தம் கொடுக்கும் வழிகள். முதலில் பேசிய அதிகாரி கேட்காவிட்டால் அவருடைய மேலதிகாரியைக் கேளுங்கள். பெரிய துறைகளில் குடும்ப வன்முறைக்கென்று துப்பறிவாளர்கள் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பிரிவு உண்டு. ஷெரிஃப் தேர்தலில் ஜெயித்து வருபவர் என்பதையும் மறக்க வேண்டாம். குடியுரிமை பெற்ற நம் மக்கள் ஷெரிஃப் தேர்தலில் என்ன கேட்கிறார்கள் என்பது இந்த விஷயத்தில் நேரடியாக வேலை செய்யும்.

ஃபெடரல் சட்டம்தானே, உள்ளூர் ஷெரிஃப் கேட்டே ஆக வேண்டாமா?

வேண்டாம். ஃபெடரல் அரசு தன் சட்டத்தைச் செயல்படுத்தும்படி மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கு ஆணையிட முடியாது என்று 1997-இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர்களே ஷெரிஃப்கள்தான். அதனால் ஒப்படைப்பு எப்படி நடக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் எழுதாத இடத்தில், ஃபெடரல் தடை காகிதத்தில் இருக்கும், கேட்டு வாங்க ஆள் இருக்காது. கலிஃபோர்னியா போலத் தெளிவாக எழுதிய மாநிலங்களில் கூட, ஷெரிஃபின் மனநிலை பெரிய வித்தியாசம் செய்கிறது. கொலராடோவில் ஆபத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியை எடுக்கும் சட்டம் 2019-இல் வந்தபோது, வெல்ட் கவுண்டி ஷெரிஃப் அதை அமல்படுத்துவதைவிடச் சிறைக்குப் போவேன் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை. இந்தத் தடை செல்லுமா?

செல்லும். 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டங்கள் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று சொன்ன பிறகு பல சட்டங்கள் ஆட்டம் கண்டன. டெக்சாஸைச் சேர்ந்த ரஹிமி என்பவர் வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தடையையே 2023-இல் செல்லாது என்றது. 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அதை மாற்றியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார், நீதிபதி தாமஸ் மட்டும் மாறுபட்டார். இன்னொருவரின் உடலுக்கு உண்மையான ஆபத்து என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஃபெடரல் சட்டத்தின் இன்னொரு பிரிவை, அதாவது அடிதடியை உத்தரவு தடுத்தாலே போதும் என்ற பகுதியை, நீதிமன்றம் அன்று தீர்மானிக்கவில்லை. அதனால் ஆபத்து பற்றி நீதிபதி வெளிப்படையாகக் கண்டறிந்து எழுதிய உத்தரவு இப்போது கூடுதல் வலுவானது.

அந்த வழக்கில் ஒரு விவரம் மனதை உறுத்துகிறது. 2020 பிப்ரவரியில் தடை உத்தரவு வந்தது, அவருடைய துப்பாக்கி உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் பிறகு பல இடங்களில் துப்பாக்கிச் சூடுகளில் அவர் பெயர் அடிபட்டது. வேறு காரணத்துக்காக வாரண்ட் வாங்கி அவர் வீட்டைச் சோதித்த போலீஸ், ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், தோட்டாக்கள், அவற்றோடு அந்தத் தடை உத்தரவின் பிரதி ஆகியவற்றைக் கண்டெடுத்தது. உத்தரவும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் கிடந்தன. நடுவில் யாரும் போய்க் கேட்டு வாங்கவில்லை.

எங்காவது இது ஒழுங்காக நடக்கிறதா?

நடக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ கவுண்டியில் 2007 வாக்கில் ஷெரிஃப் அலுவலகம் இதற்கென்றே ஆள் ஒதுக்கியது. அவர்கள் வந்த உத்தரவு ஒவ்வொன்றையும் படித்தார்கள், மாநிலப் பதிவுகளைத் தேடினார்கள், மனுதாரருக்கே போன் செய்து துப்பாக்கி பற்றிக் கேட்டார்கள், பிறகு போய் வாங்கினார்கள். இதில் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இது உங்கள் வேலை என்று ஒருவரிடம் சொன்னதுதான் வித்தியாசம். வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரமும் கிங் கவுண்டியும் 2018-இல் சேர்ந்து ஒரு பிரிவை அமைத்தன. போலீஸ், ஷெரிஃப், அரசு வக்கீல், பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவியாளர் எல்லாரும் ஒரே குழுவில். அங்கே ஒப்படைத்தாரா என்று பார்ப்பதற்கே தனி விசாரணை வைக்கிறார்கள். இலினாய் மாநிலம் 2025 பிப்ரவரியில் 'கரினா சட்டம்' கொண்டுவந்து, துப்பாக்கியைப் போய் எடுக்கும் பொறுப்பைப் போலீஸின் மேல் தெளிவாக வைத்தது. கணவர் மீது பாதுகாப்பு உத்தரவு வாங்கியும் மகளோடு கொல்லப்பட்ட ஒரு சிகாகோ தாயின் பெயர் அது.

பலன் இருக்கிறதா? 1991 முதல் 2015 வரையிலான தகவல்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கியை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று எழுதிய மாநிலங்களில் துணையைத் துப்பாக்கியால் கொல்வது 14 சதவீதம் குறைவாக இருந்தது. வைத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, ஒப்படைப்பை எழுதாமல் விட்ட சட்டங்களோடு அந்தக் குறைவு தென்படவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். துப்பாக்கி வாங்கிய பிறகு தகுதி இழந்தவர்களைக் கண்காணிக்கக் கலிஃபோர்னியா நீதித்துறை ஒரு தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. இப்படி ஒரு பட்டியல் வைத்த முதல் மாநிலம் அதுதான். அதில் அண்மை ஆண்டுகளில் 20,000-க்கும் அதிகமானோர் இருந்திருக்கிறார்கள். தெரிந்தும் இன்னும் போய் வாங்கப்படாத துப்பாக்கிகள் அவை.

அவர் போலீஸ் வேலையில் அல்லது ராணுவத்தில் இருக்கிறார். அப்போதும் தடை உண்டா?

தடை உத்தரவைப் பொறுத்தவரை ஃபெடரல் சட்டம் அரசுப் பணிக்கான துப்பாக்கிக்கு விலக்குத் தருகிறது. கலிஃபோர்னியாவில் அது தானாக வராது. வேலைக்குக் குறிப்பிட்ட துப்பாக்கி கட்டாயம் தேவை, வேறு வேலைக்கு மாற்ற முதலாளியால் முடியாது என்று நிரூபித்து நீதிபதியிடம் கேட்க வேண்டும். போலீஸ் அதிகாரியாக இருந்தால் மனநலப் பரிசோதனையும் உண்டு.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சேர்ந்தும் வாழவில்லை.

கலிஃபோர்னியாவில் பிரச்சினை இல்லை. பழகியவர், முன்னாள் காதலர் மீதும் குடும்ப வன்முறைத் தடை உத்தரவு கேட்கலாம், துப்பாக்கித் தடை அப்படியே வரும். ஃபெடரல் சட்டத்தில்தான் ஓட்டை: அதன் வரையறையில் கணவன், மனைவி, முன்னாள் துணை, குழந்தைக்கு மற்றப் பெற்றோர், சேர்ந்து வாழ்ந்தவர் ஆகியோர்தான் வருகிறார்கள். 2022 திருத்தம் தண்டனை பெற்றவர்கள் விஷயத்தில் இதை ஓரளவு அடைத்தது, தடை உத்தரவு விஷயத்தில் அப்படியே விட்டுவிட்டது.

நாங்கள் ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருக்கிறோம். புகார் கொடுத்தால் விசா போய்விடுமா?

இந்தப் பயத்தால் நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தடை உத்தரவு கேட்க எந்த விசாத் தகுதியும் தேவையில்லை. கேட்டதால் உங்கள் விசா போகாது. சிவில் தடை உத்தரவு வந்ததாலேயே எதிர்த்தரப்பின் விசாவும் போய்விடாது, அது குற்றத் தீர்ப்பு இல்லை. ஆனால் மிரட்டல், அடி ஆகியவற்றிலிருந்து காக்கும் பகுதியை அவர் மீறினார் என்று நீதிமன்றம் கண்டால், அது நாட்டைவிட்டு வெளியேற்றக் காரணம் ஆகலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றாலும் அப்படித்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

கொடுமைக்கு உள்ளான ஹெச்-4 துணை தனியாக வேலை அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது. துணை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் அவர் உதவியில்லாமல் கிரீன் கார்டுக்குத் தானே மனுப் போடவும் வழி உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, போலீஸுக்கு ஒத்துழைத்தவர்களுக்கு யு விசா என்ற வழி உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மைத்ரி, நாரிகா என்ற இரண்டு அமைப்புகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து தெற்காசியக் குடும்பங்களுக்கு உதவுகின்றன. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, எந்த நேரமும் அழைக்கலாம்.

துப்பாக்கி வன்முறைத் தடை உத்தரவு என்பது வேறா?

வேறு. கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டா ஊரில் 2014-இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு வந்த சட்டம், 2016 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. குடும்பத்தார், போலீஸ், முதலாளி, உடன் வேலை செய்பவர், ஆசிரியர் ஆகியோர் கேட்கலாம். அது துப்பாக்கியை மட்டும் எடுக்கும். பக்கத்தில் வராதே, போன் பண்ணாதே என்று சொல்லாது. தற்கொலை எண்ணத்தில் இருக்கும் ஒருவருக்கு அது நல்ல கருவி. அடிக்கும் துணையிடமிருந்து காத்துக்கொள்ளக் குடும்ப வன்முறை உத்தரவுதான் தேவை.

என் மீதுதான் உத்தரவு வந்திருக்கிறது. துப்பாக்கியை ஒப்படைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?

ஆகாது. பதிவில்லாத துப்பாக்கி போன்ற சிக்கல் இருந்து, ஒப்படைப்பதே உங்களுக்கு எதிரான சாட்சியாகும் என்று பயந்தால், வழக்கறிஞர் மூலம் நீதிபதியிடம் சொல்லுங்கள். ஒப்படைத்த செயலை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தாதபடி பாதுகாப்புத் தர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பயத்தில் ஒளித்து வைப்பதுதான் உங்களைச் சிறைக்குக் கொண்டுபோகும்.

ஒப்படைக்கப் போகும் முன் போலீஸுக்கு அழைத்து நேரம் கேளுங்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோங்கள். உத்தரவின் பிரதியும் டி.வி.-800 படிவமும் கூடவே இருக்கட்டும். வைத்திருப்பதற்குக் கட்டணம் வாங்கலாம். உத்தரவு பொய்யான காரணத்தால் வந்தது என்று நினைத்தால் அதைச் சொல்லும் இடம் விசாரணை. அதுவரை ஒப்படைத்துத்தான் ஆக வேண்டும்.

உத்தரவு முடிந்ததும் துப்பாக்கி திரும்பிப் போய்விடுமா?

விசாரணைக்குப் பிறகு வரும் உத்தரவு 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். அது முடிந்து, வேறு தடை எதுவும் இல்லையென்றால், மாநில நீதித்துறையிடம் விண்ணப்பித்து, தகுதிச் சோதனையில் தேறினால் அவர் திரும்பப் பெறலாம். டீலரிடம் விற்றிருந்தால் அது போனது போனதுதான்.

பயம் தீரவில்லை என்றால் உத்தரவு காலாவதி ஆவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் நீட்டிக்கச் சொல்லி மனுப் போடுங்கள். இடையில் புதிதாக அடித்தார் என்று காட்ட வேண்டியதில்லை. இன்னும் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ, நிரந்தரமாகவோ நீட்டிக்க நீதிபதியால் முடியும், துப்பாக்கித் தடையும் அதோடு தொடரும். காலாவதியான பிறகு போனால் புதிய வழக்காகத்தான் தொடங்க வேண்டும், அதனால் கடைசித் தேதியை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.